சிட்டு சிஸ்டரின் இரண்டு ஃபோன்

சிட்டுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. நர்சிங் சான்றிதழைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல் பறந்துகொண்டே இருந்ததால் வீட்டில் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாற்பதைத் தாண்டி, சிட்டுக்குருவி நல்ல கொழுத்த புறா அளவுக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் வளரவில்லை. நோயாளிகளுக்கு அவள் சிட்டு சிஸ்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு மூத்திரக் குழாய். வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால், லிஃப்ட் உள்ள கட்டடம், லிஃப்ட் இல்லாத கட்டடம், லிஃப்ட் இருந்தும் ஓடாத கட்டடம் என்று ஏறி இறங்கி சாயங்காலம்தான் வீடு வந்து சேருவாள். அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஓடாத லிஃப்டைப் பார்க்கும்போதெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே படியேறுவாள். அந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஃபோன். அதன் நம்பரை வேலையில் சேர்ந்த புதிதில், அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று எல்லா நோயாளிகளுக்கும் தாராளமாகக் கொடுத்திருந்தாள். அவசரம் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அகராதி வைத்திருந்தார்கள். ரிட்டயர் ஆன சர்வேயர் ஒருவர், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்றால் பிஸ்கட் சாப்பாட்டில் சேருமா என்று கேட்டுக் கூப்பிடுவார். சேரும் என்றால், எத்தனை பிஸ்கட் என்று மறுபடியும் கூப்பிடுவார். மூன்றாவது மாடி அம்மாள் ஒருநாள் சிட்டு தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது விடாமல் ஃபோன் அடித்தாள். ஈரத் தலையோடு எடுத்தால், பிரஷர் நூற்றைம்பது காட்டுகிறது, மருமகளோடு இன்றைக்குச் சண்டை போடலாமா, இல்லை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு சிட்டு மீதிச் சோப்பைக் கழுவிக்கொண்டாள்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். ஒருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது கணவர் ஃபோன் அடிப்பார். குழாய் மாற்றிக்கொண்டிருக்கும்போது, ஒன்பதாவது படிக்கும் மகள், என் நீல ரிப்பன் எங்கே என்று செய்தி அனுப்புவாள். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சொல்லி சிட்டுவுக்கு இரண்டு குரல் முளைத்திருந்தது. நோயாளி கூப்பிட்டால், "வணக்கம், சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" என்று தேன் சொட்டும். வீட்டிலிருந்து கூப்பிட்டால், "என்ன?" அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் ஒரே குழாயில் வந்துகொண்டிருந்தால் ஒருநாள் சாக்கடையும் குடிதண்ணீரும் கலக்காமல் இருக்குமா? கலந்தது.

அவளுடைய நோயாளிகளில் டெய்லர் ஒருவர் இருந்தார். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். சர்க்கரை வியாதி. குதிகாலில் வந்த புண் ஆறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. தையல் மிஷினை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மனிதர் வாயை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கிண்டல் பண்ணுவார். சிட்டு கட்டு மாற்ற வந்தால், அவள் சீருடையின் தோள் தையல் கோணல் என்று ஆரம்பித்து, அதைத் தைத்தவனின் பரம்பரை வரைக்கும் போவார்.

அன்று அவர் காலைக் கழுவி, புண்ணைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தாள். டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனாரிடமிருந்து படம் ஒன்று வந்தது. அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சிக்னல் சரியில்லை, அண்ணி, நீங்களே நம்ம குடும்ப குரூப்பில் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தார். சிட்டு ஒரு கையில் கையுறையோடு, இன்னொரு கையின் கட்டைவிரலால் இரண்டு வேலையையும் முடித்தாள். டாக்டருக்கு, "நேத்தைவிட இன்னைக்கு எப்படி இருக்குன்னு பாருங்க டாக்டர்" என்று எழுதினாள். குடும்பத்துக்கு, "நம்ம வீட்டுக்குப் புது வரவு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று எழுதினாள். எழுத்து இரண்டும் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. படம் இரண்டும்தான் இடம் மாறிப்போனது.

குடும்ப குரூப்பில் யாரும் எந்தப் படத்தையும் திறந்து பார்க்கிற வழக்கம் இல்லை. இருதயக் குறிகள் மளமளவென்று விழுந்தன. பெரிய நாத்தனார் மட்டும் கண்ணாடி போடாமல் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே நம்ம அப்பாவோட நெற்றி என்று எழுதினாள். மாமனாருக்கு முன்மண்டை வழுக்கை. குதிகாலும் வழவழப்பாக, உருண்டையாகத்தான் இருந்தது. அதனால் அவளைத் தப்பு சொல்லவும் முடியாது. அத்தை ஒருத்தி, நிறம் கொஞ்சம் சிவப்பு தூக்கல், போகப் போகத் தெளிந்துவிடும் என்றாள். சித்தப்பா ஒருவர் சுற்றிப் போடச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தனாருக்கு அப்போதுதான் சிக்னல் கிடைத்தது. படத்தைத் திறந்தார். பதறிப்போய் ஒரே ஒரு வரி எழுதினார்: "இது என் குழந்தை இல்லை."

எழுதிய கையோடு சிக்னல் மறுபடியும் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. படத்தைத் திறக்காதவர்கள் எல்லோரும் அந்த வரியை மட்டும் படித்தார்கள். குரூப்பில் அவருடைய மாமியாரும் இருந்தாள்.

இந்தக் கலவரம் எதுவும் தெரியாமல் சிட்டு டெய்லருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரிடமிருந்து பதில் வந்தது. கிளினிக்கில் கூட்டம் போலிருக்கிறது. சிவப்பு பரவாயில்லை, ஈரம் படாமல் மூடியே வைக்கவும், இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்றிருந்தது. அப்படியே டெய்லருக்குப் படித்துக் காட்டினாள். அவருக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அதே டாக்டர் ஃபோனிலேயே வந்தார்.

"சிஸ்டர்," என்றார் தயங்கித் தயங்கி, "புண்ணுக்கு மூக்கு இருக்கே."

அப்போதுதான் சிட்டுவுக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. குரூப்பைத் திறந்தாள். படத்தை அழித்தாள், மன்னிப்புக் கேட்டாள், கொழுந்தனாரின் மாமியாரிடம் தனியாகப் பேசி, அது ஒரு கிழவருடைய குதிகால் என்று சத்தியம் செய்தாள். எல்லாம் முடிந்த பிறகு, எதிரே உட்கார்ந்திருந்த அந்தக் கிழவரை நிமிர்ந்து பார்த்தாள். குடும்பச் சண்டையைச் சமாளித்துவிடலாம். இது அப்படி இல்லை. நோயாளியின் உடம்பு, அவரைக் கேட்காமல் முப்பது நாற்பது பேர் முன்னால் போய்விட்டது. வேலையே போகக்கூடிய தப்பு. மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

டெய்லர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எத்தனை பேர் ஹார்ட் போட்டாங்க?"

சொன்னாள்.

"என் கல்யாண ஃபோட்டோவுக்குக்கூட இவ்வளவு பேர் நல்லா இருக்குன்னு சொல்லல," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பயப்படாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மேடத்துகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. அடுத்த தடவை காலோட நிக்காது பாரு," என்றார்.

மேற்பார்வை மேடம் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு நிதானமாக, குரலை உயர்த்தாமல், ஒரு காபி ஆறுகிற நேரம் திட்டினாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தாள். கம்பெனி ஃபோன். நோயாளிகள் இதில்தான் கூப்பிட வேண்டும், படம் இதில்தான் எடுக்க வேண்டும், குடும்பத்துக்கு இந்த நம்பர் தெரியவே கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வரும் அழைப்பெல்லாம் தானாகவே ஆபீஸில் முறை பார்க்கும் நர்ஸுக்குப் போகும். சொந்த ஃபோன் வேலை நேரத்தில் பைக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சிட்டு தலையாட்டினாள்.

முறை பார்க்கும் அந்த நர்ஸ் ஓர் ஆண். ஆறடி உயரம். ரகசியம் சொன்னால்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். ஆபீஸில் அவனுக்கு இடி என்று பெயர்.

சிட்டு வீடு வீடாகப் போய்ப் புது நம்பரைக் கொடுத்து, பழையதை அவர்கள் ஃபோனிலிருந்து தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னாள். சர்வேயர், புது நம்பரில் பிஸ்கட் பற்றிக் கேட்கலாமா என்று விசாரித்தார். மூன்றாவது மாடி அம்மாள், ஆறு மணிக்கு மேல்தான் மருமகள் வேலையிலிருந்து வருகிறாள், அதற்கு மேல் சண்டைக்கு யாரிடம் உத்தரவு கேட்பது என்று கவலைப்பட்டாள். இடியிடம் கேளுங்கள் என்றாள் சிட்டு. டெய்லர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், சபையில் நாடா வெட்டுகிற மாதிரி விரலைத் தூக்கி, அழித்துக் காட்டினார்.

வீட்டில் கம்பெனி ஃபோனுக்கு வாசல் பக்கம் செருப்பு அலமாரியில் இடம் கொடுத்தாள், அவளுடைய டூட்டி ஷூவுக்குப் பக்கத்தில். முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃபோன் அடிக்கவில்லை. ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி கேட்டது. இப்படி ஓர் அமைதி அந்த வீட்டுக்குப் புதுசு என்பதால் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள். சிட்டு முழுசாகக் கேட்டாள். மகளுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. அதற்குப் பிறகு சிட்டு தண்ணீர் குடிக்க எழுந்தாள், வாசல் கதவு பூட்டியிருக்கிறதா பார்க்க எழுந்தாள், ஷூவைத் துடைக்க எழுந்தாள்.

"அம்மா, ஷூவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மகள் கேட்டாள்.

சிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் இப்படி வழிக்கு வந்தது. பகலில்தான் சிக்கல். சொந்த ஃபோன் பைக்குள், பை ஸ்கூட்டர் பெட்டிக்குள், ஸ்கூட்டர் யாரோ ஒருவர் வீட்டு வாசலில். கணவர் அடித்தால் அது இருட்டில் தனியாகப் பாடி ஓயும். ஓரிரு வாரம் பொறுத்துப் பார்த்தார். மனிதர் சாது. ஆனால் சாதுக்களுக்கு யோசிக்க நேரம் அதிகம். கம்பெனி நம்பர் அவருக்குத் தெரியக் கூடாதுதான். ஆனால் சிட்டு நோயாளிகளுக்கு அந்த நம்பரை எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்று அவள் சீருடைப் பையில் இருந்தது. துணி துவைக்கும் முறை அந்த வாரம் அவருடையது.

ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டுக்கு எண்ணெய் விட்டு முடித்தவர், வரும்போது பால் வாங்கிவா என்று சொல்லத்தான் அந்த நம்பரை அடித்தார். இதைப் பிற்பாடு அவர் பலமுறை சத்தியம் செய்திருக்கிறார். சிட்டு நம்பரைப் பார்க்காமல் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"வணக்கம், சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

அந்தக் குரலை அவர் கடைசியாகக் கேட்டது நிச்சயம் ஆன புதிதில். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் "என்ன?" தான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு மனுஷி கேட்கும்போது பால் வாங்கிவா என்று எப்படிச் சொல்வது? அவருக்கு மனசு வரவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குரலைக் கிழடாக்கினார்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குது சிஸ்டர்."

"எப்பலேருந்து ஐயா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு கேட்டது. அதுவும் தேன்தான். வீட்டில் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று சிட்டு விசாரித்தாள்.

"ஒருத்தி இருக்கா சிஸ்டர். ஊருக்கெல்லாம் ரொம்ப நல்லவ. நமக்குத்தான் ஃபோன் எடுக்க மாட்டா."

பாவம் என்று சிட்டு உண்மையாகவே இரக்கப்பட்டாள். அந்த இரக்கத்தில் அவர் சொக்கிப்போய் நின்றபோது, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த லிஃப்ட் தன் பாட்டுக்கு, பயிற்சி கொடுத்த பெண் குரலில், "கதவுகள் மூடப்படுகின்றன" என்றது.

லிஃப்ட் பேசியது சிட்டுவின் காதிலும் விழுந்தது. பிறகு அந்தக் குரலில் இன்னும் ஒரு கரண்டி தேன் கூடியது. மூச்சு வாங்குகிறதென்றால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள். உப்பைக் குறைக்க வேண்டும், பொரித்தது கூடாது, டீயில் சர்க்கரையை மறந்துவிட வேண்டும், விடியற்காலையில் எழுந்து நடக்க வேண்டும். உங்கள் குரலைக் கேட்டாலே பாதி சரியான மாதிரி இருக்கிறது என்றார் நோயாளி. மீதியும் சரியாகிவிடும் ஐயா என்றாள் சிட்டு.

அன்று சாயங்காலம் அவர் தட்டில் வேகவைத்த காய்கறியும் உப்பில்லாத சூப்பும் வந்தன. டீயை ஒரு வாய் குடித்தவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

"இன்னைக்கு ஒருத்தர் ஃபோன் பண்ணார்," என்றாள் சிட்டு, சூப்பை ஆற்றிக்கொண்டே. "உங்க வயசுதான் இருக்கும். மூச்சு வாங்குதாம். கட்டினவ கண்டுக்கறதே இல்லையாம். கேட்டதுலேருந்து எனக்கு மனசே ஆறல. நம்ம வீட்டுல அப்படி ஆயிடக் கூடாதுல்ல."

அவர் சூப்பைக் குடித்தார். வேறு என்ன செய்ய முடியும்? தானே வெட்டிய குழி. மறுநாள் விடியும் முன்னே அவரை எழுப்பி நடக்க அனுப்பினாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தட்டுக்கு மட்டும் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் இது தன்னைச் சேர்ந்த சண்டை இல்லை என்பது புரிந்துவிட்டது.

இவ்வளவு பட்ட பிறகாவது மனிதர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தக் குரலுக்கு அவர் அடிமையாகிவிட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை கைக்குட்டையோடு கூப்பிட்டார், ஆனால் லிஃப்டை விட்டுத் தள்ளி நின்று. சாப்பாட்டில் உப்பே இல்லாமல் நாக்கு செத்துப்போச்சு சிஸ்டர் என்று அழுதார். பழகிவிடும் ஐயா என்று அவள் தேற்றினாள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயிறு ஒழுங்காகப் போகிறதா என்றும் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமே என்கிற ஆசையில், எங்கே சிஸ்டர், நாலு நாளாச்சு என்று அளந்துவிட்டார்.

"அடடா," என்றாள் சிட்டு. "அதை வளர விடக் கூடாது. எனிமா கொடுத்துடலாம். நாளைக்குக் காலைல நானே வந்துடறேன்."

லைன் துண்டானது.

மறுநாள் காலை அவர் நடந்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் நீளமான ரப்பர் குழாய், வழுவழுப்பு ஜெல்லி, ஒரு ஜோடி கையுறை. சிட்டு சீருடையில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டபோது அவர் குரல் கைக்குட்டை இல்லாமலே மாறியிருந்தது.

"ஒரு நோயாளிக்கு. விலாசம்தான் தெரியல. கதவு மூடும்போது ஒரு பொம்பளை பேசுற கட்டடம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் மகள் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்து, குழாயைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தக் குரல்ல வீட்டுலயும் ஒரு நாள் பேசேன்."

சிட்டுவுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அந்தக் குரல் வேலைக்கானது, அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது, சீருடையோடு தூங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல்லும்போதே அது சாக்குப்போக்காகப் பட்டது. அவர் கேட்டது குரலைத்தானா என்ன?

அன்றைக்கே மத்தியானம், இரண்டு வீடுகளுக்கு நடுவே, ஒரு மர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பெட்டியிலிருந்து சொந்த ஃபோனை எடுத்துத் தானே அவரைக் கூப்பிட்டாள். பேச ஒன்றும் இல்லை. பால் இருக்கிறதா என்று கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது. உப்பு தட்டுக்குத் திரும்பியது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. விடியற்காலை நடை மட்டும் போகவில்லை. அவருக்கே பிடித்துப்போயிருந்தது, ஆனால் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஃபோனும் இப்படிச் சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டெய்லருக்குக் காய்ச்சல் வந்தது.

சிட்டுவுக்கு அது மறுநாள் காலையில், கம்பெனி ஃபோனை உயிர்ப்பித்த பிறகுதான் தெரிந்தது. இடி எழுதியிருந்தான். நேற்று சாயங்காலம் டெய்லர் கூப்பிட்டார், காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவியிருந்தது, டாக்டரிடம் பேசி ஊசி மருந்து தொடங்கியாயிற்று, கட்டு மாற்றியாயிற்று, காய்ச்சல் இறங்கிய பிறகுதான் கிளம்பினேன். அவள் போயிருந்தால் என்னென்ன செய்திருப்பாளோ அத்தனையும் அதே வரிசையில் நடந்திருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மற்ற வீடுகளைத் தள்ளிவைத்துவிட்டு நேராக டெய்லர் வீட்டுக்குப் பறந்தாள்.

அவர் தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தாலும் கண்ணில் குறும்பு குறையவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"நீதான நம்பரை அழிக்கச் சொன்ன."

"உங்களுக்கு மனப்பாடம்னு எனக்குத் தெரியும். ஊர்ல உள்ளவங்க இடுப்பளவையெல்லாம் மனசுலயே வெச்சிருக்கற ஆளு நீங்க."

"மனப்பாடத்தையும் சேர்த்து அழிச்சுட்டேன்."

அவள் காய்ச்சல் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். கட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையாவது இருக்கும் என்று நம்பினாள். ஓரங்கள் நேர்கோடு. இறுக்கம் சரி. தேதியும் நேரமும் அழகான கையெழுத்தில். பிரிக்கத் தேவையில்லாத கட்டைப் பிரித்து மறுபடியும் கட்டிவிடலாமா என்று கை அரித்தது. அடக்கிக்கொண்டாள்.

டெய்லர் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். நேற்று பழைய நம்பரை முக்கால்வாசி அடித்துவிட்டாராம். குளிர் நடுக்கத்தில் விரல் தானாகவே போனதாம். இன்றைக்குக் காய்ச்சலுக்குக் கூப்பிட்டால் நாளைக்குப் பட்டன் அறுந்தாலும் கூப்பிடுவோம் என்று தோன்றியதாம். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்றார். அதனால் ஆபீஸுக்கு அடித்தாராம்.

சிட்டு கட்டின் மேல் எழுதியிருந்த தேதியை மறுபடியும் படிப்பது போல் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பையனும் தங்கமான பையன்மா," என்றார். "குரல்தான் அப்படி. ஊசி போட்டதே தெரியல. உன்னோடது நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் அரைமணி நேரம் அவரோடு பேசவில்லை. ஆபீஸுக்குப் போனதும் இடியைத் தேடிப் போய், நன்றாகப் பார்த்தாய் என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னாள். அவன், தேங்க்ஸ் அக்கா என்று ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னான். எந்த இடத்தில் ஊசி போட்டாய், எப்படிப் போட்டாய் என்று விசாரித்தாள். அவன் சொன்னதை அடுத்த நோயாளியிடம் செய்து பார்த்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் போன பிறகு புண்ணுக்கும் என்ன தோன்றியதோ, அடம்பிடிப்பதை விட்டுவிட்டு மெல்ல மெல்ல ஆறியது. பகலில் சிட்டு, தேவைப்பட்ட சாயங்காலங்களில் இடி என்று மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் நேரிலேயே வந்து குதிகாலைத் தட்டிப் பார்த்து, இனி கட்டு வேண்டாம், மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கலாம் என்றார். வேலை முடிந்த நோயாளியின் நம்பரையும் படங்களையும் கம்பெனி ஃபோனிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. சிட்டு அவர் கண் முன்னாலேயே எடுத்தாள்.

"இப்ப நான் யாரு?" என்று கேட்டார் டெய்லர். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார்.

சிட்டு பையைத் திறந்து சொந்த ஃபோனை எடுத்து அவர் நம்பரை அதில் ஏற்றினாள். தினமும் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தாள். அவர் தினமும் அடிக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அடித்தார், அதுவும் சரியாக அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து. எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் போட்டிருக்கும் சட்டையின் காலர் எப்படி இருக்கிறது என்கிற அளவுக்கு முக்கியமான விஷயங்கள். சிட்டு ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். மகளுக்கு அந்தக் கதைகள் பிடித்துப்போய், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் இரண்டு பேன்ட்களை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனார். நடந்து நடந்து இடுப்பு இளைத்திருந்தது, பிடிக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். சிட்டு கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. டெய்லரைக் கூப்பிட்டாள், அவரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

டெய்லர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மிஷின் ஓடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, நடுநடுவே இரண்டு ஆண்களின் சிரிப்பு. கதவைத் தள்ளப் போனவள் கையை நிறுத்தினாள். உள்ளே டெய்லர் மெல்லிய குரலில், தேன் சொட்டச் சொட்ட, இழுத்து இழுத்து, "வலிக்காதுய்யா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று யாரையோ மாதிரி பேசிக் காட்டினார். கணவர், அப்படி இல்லை, கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்று திருத்தினார். டெய்லர் மறுபடி பேசிக் காட்டினார். இந்தத் தடவை சரியாக இருந்தது போல. மிஷின் நின்று, இரண்டு பேரும் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்கள்.

சிட்டு கதவைத் தள்ளவில்லை. வந்த வழியே ஓசைப்படாமல் ஸ்கூட்டரைத் திருப்பினாள். தெருமுனைக் காய்கறிக் கடையில் நிறுத்தி, பாகற்காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கூடையை நிரப்பினாள். இவ்வளவு பாகற்காயா என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"ரெண்டு பேர் சாப்பிடணும்," என்றாள் சிட்டு.